சாத்துக்குடிக்கு ஓ.கே. சீட்டு

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ரிட்டயரானவருக்கு வாழ்க்கைப்பட்டால் வீட்டு ஃப்ரிட்ஜ் நம் பெயரில் இருக்காது. எங்கள் அம்பத்தூர் வீட்டில் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் கழுத்தில் ஒரு சீட்டு தொங்கும். ‘சாத்துக்குடி. காலை 7.10. ஓ.கே.’ கீழே கையெழுத்து வேறு. இதற்கெல்லாம் கையெழுத்து எதற்கு என்றால், “நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?” என்பார். ஏதாவது ஆனால் குடித்தவர் பாத்ரூமில் இருப்பார், பொறுப்பை விசாரிக்க அவருக்கு ஏது நேரம்?

ரிட்டயரானதும் இவர் வாங்கிய முதல் பொருள் ஜூஸர். வெயில் ஏறினால் சி.டி.எச். ரோடு நெடுக ஜூஸ் வண்டிகள்தான். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்ததோ, டம்ளரை எந்த வாளியில் முக்கினார்களோ என்று இவருக்குச் சந்தேகம். வீட்டிலேயே பிழிவோம் என்றார். நியாயம்தான். ஆனால் சாத்துக்குடியைக் கோயம்பேட்டில் மூட்டையாகத்தான் வாங்குவார். கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சமாம். மூட்டை அழுகுவதற்குள் அத்தனையையும் பிழிந்தாக வேண்டும், பிழிந்ததை எங்காவது வைத்தாக வேண்டும். அந்தப் பத்து ரூபாய்க்காகத்தான் நான் இன்று ஜூஸ் சாஸ்திரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

“கெமிக்கல் கிடையாது, சர்க்கரை கிடையாது, சுத்தமான ஜூஸ்” என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பெருமை. அந்தச் சுத்தத்தில்தான் சிக்கலே இருக்கிறது. காய்ச்சவில்லை, மருந்து போடவில்லை, பாகில் ஊறவில்லை என்றால் நமக்கு எவ்வளவு நல்லதோ கிருமிக்கும் அவ்வளவு நல்லது. தோல் இருக்கிறவரை பழத்துக்குக் காவல் உண்டு. கத்தி பட்டால் தோலில் இருந்த மண்ணும் நம் கை அழுக்கும் சாற்றோடு உள்ளே போய்விடும். 1996-இல் அமெரிக்காவில் ஓட்வாலா என்ற கம்பெனி காய்ச்சாமல் விற்ற ஆப்பிள் ஜூஸில் ஈ.கோலை கிருமி இருந்து, அறுபது பேருக்கு மேல் படுத்தார்கள், ஒரு குழந்தை இறந்தது. அதற்குப் பிறகுதான் அவர்கள் ஜூஸைச் சூடுகாட்டி விற்க ஆரம்பித்தார்கள். இதை இவரிடம் சொன்னேன். அன்று முதல் பழத்தைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கத்தி வைக்க வேண்டும், கண்ணாடிப் பாட்டிலை வெந்நீரில் கொதிக்கவிட வேண்டும். உத்தரவு அவருடையது, கொதிக்கவிடுகிறது யார் என்று கேட்கவேண்டாம்.

காலையில் தேனாக இனித்த சாத்துக்குடி சாயங்காலம் கசந்தது. “விதையைச் சேர்த்து அரைச்சிட்டியா?” என்று என்மேல் பாய்ந்தார். விதைக்கும் எனக்கும் இதில் சம்பந்தமில்லை. சாத்துக்குடியில் கசப்பில்லாமல் இருக்கிற ஒரு பொருள், பிழிந்த பிறகு சாற்றின் புளிப்பு பட்டு மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இது நடக்கும். விசாரணை முடிந்து நான் விடுதலையானேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த செக்‌ஷனில் இல்லை போலிருக்கிறது.

தர்பூசணிக்கு அந்தப் புளிப்பு யோகம்கூடக் கிடையாது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பில் பெரும்பாலான கிருமி திணறிவிடும், அதை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தர்பூசணி, பப்பாளி, கரும்பு எதிலும் புளிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. தர்பூசணி ஜூஸை எப்படி எடுத்துவைப்பது என்று மாடி வீட்டுப் பெண் கேட்டாள். எடுத்துவைக்காதே, இப்பவே குடி என்றேன். கரும்புச் சாறோ வண்டியிலிருந்து வீடு வருவதற்குள் கறுத்துப்போகும். அதனால்தான் பிழியும்போதே எலுமிச்சையும் இஞ்சியும் சேர்க்கிறார்கள்.

மற்றவற்றுக்கு ஒரு நாள் கணக்கு. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் மூடி, நாலு டிகிரியில் வைக்க வேண்டும். ஃப்ரீஸருக்குப் போகிறதென்றால் மட்டும் கொஞ்சம் இடம் விடவேண்டும், உறைந்தால் பெருத்துப் பாட்டிலை உடைத்துவிடும். ஃப்ரிட்ஜ் கதவுதான் இருப்பதிலேயே சூடான இடம் என்று இவர் தெர்மாமீட்டர் வைத்துக் கண்டுபிடித்தார். உடனே ஜூஸ் உள்தட்டுக்குப் போனது, அங்கே இருந்த என் இட்லி மாவு காலி செய்யப்பட்டது. மின்வாரியம் பராமரிப்பு என்று காலை 9 முதல் 2 வரை கரண்டை நிறுத்துகிற நாள் இருக்கிறதே, அன்றைக்குத்தான் கூத்து. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் குளிரைத் தாங்கும். இவரோ குளிர் தாங்குகிறதா என்று பார்க்க அரைமணிக்கொரு தரம் திறப்பார்.

இந்த ஆர்ப்பாட்டத்தையெல்லாம் மாமியார் ஊஞ்சலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். சாத்தான்குளம் பக்கத்து மனுஷி. “கலயத்துல சுண்ணாம்பு தடவாம வச்சா பதநீர் நிக்குமா? கள்ளாத்தான் போவும்” என்பார். காரச் சுண்ணாம்பில் ஈஸ்ட் வேலை செய்யாது, அதனால் பதநீர் பதநீராக இறங்குகிறது. 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் டாக்டரும் இதே சண்டைதான் போட்டார். சர்ச்சில் திராட்சை ரசத்துக்குப் பதில் போதையில்லாத ஜூஸ் வேண்டும் என்று, பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்து ஈஸ்டைக் கொன்றார். மரமேறிக்குச் சுண்ணாம்பு, டாக்டருக்கு வெந்நீர். எங்கள் வீட்டுக்காரருக்குச் சீட்டு.

போன கோடையில் பின்தட்டில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கறுப்புத் திராட்சை ஜூஸ் அகப்பட்டது. ஈரத்தில் மை கரைந்து தேதி போய்விட்டது, ‘ஓ.கே.’ மட்டும் மிச்சம். பாட்டில் கர்ப்பம் தரித்திருந்தது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று நுரை பொங்கி இவர் சட்டை ஊதாவானது. உப்பின பாட்டிலை ருசிகூடப் பார்க்கக்கூடாது என்று நான் சொல்வதற்குள் பேனாவைத் தேடி ‘ரிஜெக்ட்’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, சிங்க்குக்கு நடந்தார். வாசம் கூடத்துக்கு வந்துவிட்டது. மாமியார் ஊஞ்சலை நிறுத்தி மூக்கை உயர்த்தினார்.

“ஏலே, எங்க ஐயா மட்டும் உயிரோட இருந்தா, ஒம் பிள்ளை பாஸாயிட்டான்னு சொல்லிருப்பாரு.”