மொட்டைமாடியில் ஐக்கிய நாடுகள் சபை

வாரும் மருமவனே, வாரும். உம்ம வீட்டு மொட்டைமாடியைத்தான் கொஞ்ச நாளா ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கு. டீக்கடையில ஒருத்தன், “என்ன பாட்டையா, புதுசா இருவது கட்சி ஆரம்பிச்சிட்டாவளா?”ன்னு கேக்கான். கட்சி இல்லடே, அம்புட்டும் தேசம், எம் மருமவன் சிங்கப்பூர்ல சம்பாதிச்ச காசுல சேத்து வச்சதுன்னேன். “அப்ப கூட்டணியா?”ன்னு கேட்டுட்டுப் போயிட்டான்.

சேக்குறது தப்புன்னு நான் சொல்லல. நாங்க தீப்பெட்டிப் படம் சேத்தோம், நீரு கொடி சேக்குதீரு. அமெரிக்காவுல விட்னி ஸ்மித்துன்னு ஒருத்தரு இருந்தாரு. சின்னப் பிள்ளையில இருந்தே கொடிப் பித்து. கயானா நாட்டுக்கு விடுதலை வரப்போவுதுன்னு தெரிஞ்சதும் ஒரு கொடி வரைஞ்சு அனுப்புனாரு. 1966-ல அதைத்தான் கொஞ்சம் மாத்தி அந்த நாட்டுக்காரங்க ஏத்துனாங்க. பித்துன்னா அப்படி இருக்கணும். நீரும் அந்த உற்சாகத்துல நம்ம ஊராட்சித் தலைவருக்கு ஒரு கொடி வரைஞ்சு நீட்டிராதீரும், அவரு ஏற்கெனவே தரையில நடக்கறதில்ல.

நான் சொல்லுறது வேற. பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்குற வரைக்கும் அது துணி. கம்பத்துல ஏறிட்டா நீரு என்னமோ சொல்லுதீருன்னு ஆயிரும். என்ன சொன்னோம்னு உமக்கே தெரியாட்டாலும், பாக்குறவனுக்குத் தெரியும்.

உம்ம சிங்கப்பூர்ல இந்த வேலையைச் செஞ்சிருப்பீரா? செஞ்சிருக்க மாட்டீரு. அனுமதி இல்லாம வேத்து நாட்டுக் கொடியைப் பொதுவுல காட்டப்படாதுன்னு அங்க 1949-லேயே சட்டம் இருக்கு. 500 வெள்ளி வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். அங்க இருந்தவரைக்கும் எச்சி துப்பக்கூட பயந்துட்டு, இங்க வந்து இறங்குனதும் கம்பத்தைத் தூக்கிட்டீரு.

டென்மார்க்கு கதை இன்னும் ருசி. போலீசு அனுமதி இல்லாம வேத்து நாட்டுக் கொடியை ஏத்தப்படாதுன்னு 1915-லருந்து சொல்லிக்கிட்டே வந்தாங்க. ஒருத்தரு வீட்டுக் கம்பத்துல அமெரிக்கக் கொடியை ஏத்த, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2023-ல நீதிபதிங்க ஏட்டைப் புரட்டிப் பாத்துட்டு, இந்தத் தடைக்குச் சட்டத்துல இடமே இல்லைன்னு அவரை விட்டுட்டாங்க. நூறு வருசத்துக்கு மேல இல்லாத விதியைச் சொல்லி ஊரை அடக்கி வச்சிருந்திருக்காங்க! நம்ம தாலுகா ஆபீசுக்காரங்களுக்கு அங்க ஒண்ணுவிட்ட சொந்தம் இருக்கும் போல. அரசாங்கம் விடுமா? புதுச் சட்டம் எழுதி 2025 ஜனவரி 1-லருந்து அமலுக்குக் கொண்டுவந்துட்டாங்க. சுவீடன், நார்வே, ஜெர்மனின்னு அக்கம்பக்கத்துக்கு மட்டும் விலக்கு. பங்காளி கொடின்னா கண்ணை உறுத்தாது பாரும்.

இன்னொண்ணு கேளும். அந்த டென்மார்க்குல சொந்தக் கொடியை எரிச்சவனுக்குத் தண்டனை கிடையாது, வேத்து நாட்டுக் கொடியை அவமதிச்சா உண்டு. ஜப்பான்காரன் 1907-ல தண்டனைச் சட்டம் எழுதுனப்பவும் அதே கணக்குத்தான்: அடுத்த நாட்டுக் கொடியைக் கிழிச்சா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், சொந்தக் கொடியைப் பத்தி அதுல பேச்சே இல்ல. எனக்கு இது நல்லாப் புரியுது. வீட்டுச் சண்டையை வீட்டுக்குள்ள பேசிக்கிடலாம். சம்பந்தி கோவிச்சா யாரு போய்ச் சமாதானம் பண்ணுறது?

சம்பந்தின்னதும் ஞாபகம் வருது, உம்ம மாடியில பந்தி விசாரிப்பு சரியில்ல. தலையாரியா இருந்தவன் சொல்லுதேன், ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் தாசில்தாரு வாயில திட்டு வாங்கிப் படிச்ச படிப்பு இது. 2002-ல வந்த இந்தியக் கொடி விதியில எல்லாம் இருக்கு. வேத்து நாட்டுக் கொடிகளோட வரிசையில நிக்கும்போது நம்ம கொடி வலது கோடியில நிக்கணும். வலதுன்னா கொடிக்கு வலது. தெருவுல நின்னு பாக்குறவனுக்கு அது இடது. இதைத்தான் நீரு மாத்திக் கட்டியிருக்கீரு. நம்ம கொடிக்கு அப்புறம் மத்தவங்க, இங்கிலீசுப் பேரோட எழுத்து வரிசையில. கல்யாணப் பந்தியில “எங்களை ஏன்யா கடைசியில உக்காத்தி வச்சே”ன்னு இலையை மடக்கிட்டு எந்திரிப்பாங்கல்லா, அந்தக் கோவம் வரப்படாதுன்னுதான் இந்த ஏற்பாடு. நீரு பெரிய இடம்னு அமெரிக்காவை முன்னால நிறுத்தியிருக்கீரு. அவங்க பேரு யுனைடெட்டுன்னுல்லா ஆரம்பிக்கு, பின்னால போயி உக்காரச் சொல்லும். பணக்காரனைக் கடைசி இலையில உக்காத்தி வச்சும் சண்டை வராத பந்தி உலகத்துல இது ஒண்ணுதான்.

கொடியெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கணும், கம்பமும் ஒரே உசரம். ஏத்தும்போது நம்ம கொடி முதல்ல, இறக்கும்போது கடைசியில. ஒரே கம்பத்துல ரெண்டு கட்டப்படாது. சமாதான காலத்துல ஒரு நாட்டுக் கொடிக்கு மேல இன்னொரு நாட்டுக் கொடி பறக்கப்படாதுங்கறது உலக வழக்கு. நீரு இலங்கைக் கொடிக்கு மேல பிரேசில் கொடியைக் கட்டியிருக்கீரு. அவங்க ரெண்டு பேருக்கும் எப்ப யுத்தம் நடந்துச்சு, யாரு ஜெயிச்சா?

பிலிப்பைன்ஸ் கொடியையும் ஒரு எட்டு பாத்துருவோம். நீலம் மேல, சிவப்பு கீழ, இதுதான் முறை. சிவப்பை மேல தூக்கிக் கட்டுனா அந்த நாடு யுத்தத்துல இருக்குன்னு அர்த்தம். உம்ம மாடியில நேத்து சாயந்திரத்துல இருந்து யுத்தம் நடக்கு. சிவப்பு வெள்ளைக் கொடியும் அப்படித்தான், தலைகீழாக் கட்டுனா இந்தோனேசியா போலந்தா மாறிரும். 2017-ல கோலாலம்பூர்ல தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தப்ப, நினைவுப் புத்தகத்துல இந்தோனேசியக் கொடியைத் தலைகீழா அச்சடிச்சிட்டாங்க. மந்திரியே நேர்ல போயி மன்னிப்புக் கேக்குற மாதிரி ஆச்சு. மந்திரி கேட்டாரு, சரியாப்போச்சு. உமக்காக யாரு போவா, நானா?

சவூதிக் கொடி விசயத்துல விளையாட்டு வேண்டாம். அதுல எழுதியிருக்கறது முசுலிம்களோட கலிமா. அதனால துக்கத்துக்குக்கூட அதை அரைக்கம்பத்துல இறக்க மாட்டாங்க. 2007-ல ஆப்கானிஸ்தான்ல பிள்ளைங்க விளையாடட்டும்னு அமெரிக்கப் பட்டாளம் ஹெலிகாப்டர்ல இருந்து கால்பந்து போட்டுச்சு. பந்துல பல நாட்டுக் கொடி, அதுல இதுவும் ஒண்ணு. கலிமாவைக் காலால உதைக்கச் சொல்லுதியான்னு சனம் திரண்டு வந்துட்டு. எம் மவ அந்தத் துணியில தலகாணி உறை தைச்சிருக்கா. அவளைக் குத்தம் சொல்லல, பச்சைத் துணி நல்லாருக்குன்னு எடுத்துக் குடுத்தது யாரு? இன்னைக்கே தையலைப் பிரிக்கச் சொல்லியிருக்கேன்.

கேட்டுல சுவிஸ் கொடியைப் பெயிண்டு அடிச்சு வச்சிருக்கீரே, அது எந்த ஐடியா? செஞ்சிலுவை அடையாளத்தைக் கண்டவங்க போட்டுக்கிடப்படாதுன்னு 1960-ல நம்ம நாட்டுல ஒரு ஜெனீவா சட்டம் வந்துச்சு. அதுலயே சுவிஸ்காரனோட வெள்ளைச் சிலுவையையும் சேத்திருக்கு. மத்திய அரசு அனுமதி வேணும். அனுமதி கேட்டு டெல்லிக்கு எழுதிப் போடுதீரா, இல்ல சுண்ணாம்பு அடிக்குதீரா? சுண்ணாம்பு எங்கிட்ட இருக்கு.

மத்தபடி வேத்து நாட்டுக் கொடியை வீட்டுல வச்சிருந்தா குத்தம்னு நம்ம நாட்டுல பொதுவாத் தடை ஒண்ணும் கிடையாது. ஆனா ஊர் அமைதி கெடுதுன்னு எவனாவது புகார் எழுதிக் குடுத்தா இன்ஸ்பெக்டரு வேற பிரிவு தேடுவாரு. அவருகிட்ட பிரிவுக்கா பஞ்சம்? 2025 மே மாசம் இணையக் கடைங்க பாகிஸ்தான் கொடி வித்ததுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீசு விட்டுச்சு. சட்டத்துக்கும் காலம் நேரம் உண்டு மாப்ள. போன வருசம் சும்மா கெடந்த துணி இந்த வருசம் வழக்காயிரும்.

சட்டத்தையும் விடும், சனத்தைச் சொல்லும். 2022-ல உலகக் கோப்பை நேரம். கண்ணூரு பக்கம் பானூர்ல கால்பந்துப் பிரியருங்க போர்ச்சுகல் கொடி கட்டியிருந்தாங்க. ஒருத்தரு வந்தாரு, அதை ஏதோ வேண்டாத கட்சிக் கொடின்னு நெனச்சாரு, கிழிச்சிட்டாரு. ரொனால்டோவுக்கும் அந்தக் கட்சிக்கும் என்ன சம்பந்தம்? நெறம் ஒண்ணாப் போச்சு, அம்புட்டுத்தான். மலையாளத்தான் பந்து விளையாட்டுல கரைகண்டவன், அங்கயே அப்படி. நம்ம ஊர்ல பச்சை, சிவப்பு, கருப்புன்னு எந்த நெறத்தைக் கட்டுனாலும் அதுக்குன்னு அடிக்க ஒரு கோஷ்டி தயாரா இருக்கு. கானா நாட்டுக் கொடிக்கு எந்தக் கோஷ்டி வரும்னு நானும் யோசிச்சுப் பாக்கேன், மூணு கோஷ்டி வரும்னு தோணுது.

அதனால ஒண்ணு செய்யும். மாடியில நம்ம கொடி ஒண்ணு இருக்கட்டும். அதுக்கு 2004-ல உச்ச நீதிமன்றமே உரிமை குடுத்திருக்கு, 2022-லருந்து ராத்திரியும் பறக்கலாம். கிழியாம, கசங்காம பாத்துக்கிடும். 1971-ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு, அவமதிச்சா மூணு வருசம் வரைக்கும் போவும். மத்த தேசத்தையெல்லாம் இறக்கி, உள் அறையில சுவத்துல வரிசையா மாட்டும். வாரவன் போறவனுக்கு நீரு பாடம் நடத்தும், எம் மவ காப்பி போடுவா, எனக்கும் ஒரு கிளாசு.

இறக்கும்போது அந்த நைலான் கயிறை அறுத்துராதீரும், முடிச்சைப் பாத்து அவிழும். சிங்கப்பூர்ச் சரக்கு, முறுக்கு கெட்டியா இருக்கு. எங்க வீட்டுக் கெடேரிக்கு அந்த நீளந்தான் வேணும்னு போன வாரமே வந்து அளந்து பாத்துட்டுப் போனேன்.