காகிதம் ஆட வேண்டும்

தரமணியில் டைடல் பார்க் எழும்பிய 2000-ஐ ஒட்டி, சென்னையில் டிகிரி முடித்த பல பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் வாய்த்தன. வீட்டில் சுந்தரமூர்த்தி, ராத்திரி வேலையில் சாண்டி. அப்படி ஒரு சாண்டியாக நானும் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

போனைத் தொடுவதற்கு முன் நாக்குக்குப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர். அமெரிக்காவைச் சினிமாவில் பார்த்தவர். உதட்டுக்கு முன்னால் துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'பேப்பர்' என்று சொல்லச் சொல்வார். முதல் எழுத்திலேயே காற்று சீறிக் காகிதம் ஆட வேண்டும். ஆடாவிட்டால், நாம் மாத்திரை என்று சொல்வது அவர்கள் காதில் ரசீது என்று விழுமாம். எழுத்திலேயே நமக்கு இரண்டும் 'பில்'தான். நாக்கை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய? 'வி'க்கு மேல்பல்லைக் கீழுதட்டில் வைக்க வேண்டும், 'டபிள்யூ'வுக்கு உதட்டைக் குவிக்க வேண்டும். கண்ணாடி முன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அம்மா, "பல்வலியாடா? கிராம்பு வைக்கட்டுமா?" என்றாள்.

அடுத்த பாடம் பண்பாடு. வாடிக்கையாளர் திட்டத் திட்ட 'உங்கள் கோபம் புரிகிறது' என்று இடம் பார்த்துச் செருக வேண்டும். சில விநாடி பேசாமல் இருந்தால் அது 'டெட் ஏர்'. நம்மூரில் யோசித்துப் பேசுகிறவனுக்கு மரியாதை. அங்கே மார்க் போய்விடும். டெக்சாஸ்காரர் மென்று விழுங்கிப் பேசுவதைப் புரிந்துகொள்வதும் எங்கள் பாடத்திட்டத்தில்தான் இருந்தது.

இப்போது நாகரிகம் முற்றிவிட்டது. எரின் மேயர் 2014-இல் எழுதிய 'தி கல்ச்சர் மேப்' புத்தகத்தை வைத்து ஆபீஸில் வகுப்பெடுக்கிறார்கள். அமெரிக்கர் குறையைப் பாராட்டில் பொதிந்து கொடுப்பார், டச்சுக்காரர் முகத்துக்கு நேரே சொல்வார் என்று கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அந்த அமெரிக்கச் சர்க்கரைக்கு ஒருவழியாகப் பழகிய என்னிடம் போன வாரம் ஒரு டச்சுக்காரர், "இந்த அறிக்கை நன்றாக இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என் பெரியப்பாவும் இப்படித்தான். அவரிடம் வளர்ந்தவனுக்கு இதற்கெல்லாம் வகுப்பு எதற்கு?

அண்ணன் மகன் ஓ.எம்.ஆரில் ஒரு கால் சென்டரில் இருக்கிறான். அவனுக்குக் காகிதமும் கிடையாது, சாண்டியும் கிடையாது. டெலிபெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் சானாஸ் மென்பொருளைக் கொண்டு இந்திய உச்சரிப்பை மாற்றுவதாக 2025-இல் செய்தி வந்ததே, அதே ரகத்தில் ஏதோ ஒன்று அவன் ஆபீஸிலும் ஓடுகிறது. அவன் மயிலாப்பூர் ஆங்கிலத்தில் பேசுகிறான். பேசப் பேச அது அங்கத்திய உச்சரிப்பாகப் போய்ச் சேருகிறது.

"டெக்சாஸ்காரர் பேசுறதை நமக்குப் புரியுற மாதிரி மாத்தித் தருமா?" என்று கேட்டேன்.

"அவங்க அப்படியேதான் பேசுவாங்க, சித்தப்பா. மார்ச் வந்தாச்சு, அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சுட்டாங்க. இனிமே கேப் அஞ்சரைக்கே வந்துடும்" என்று ஷூவைத் தேடினான்.