கட்டம் கட்டமாகப் பேசும் போர்டு

கேள்வி: ஒரகடம் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். லினக்ஸ் கன்ட்ரோலரை சீரியல் கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால், பூட்லோடர் வரிகள் பளிச்சென்று வருகின்றன. கெர்னல் தொடங்கியதும் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டுகிறது. போர்டு போச்சா?

பதில்: போகவில்லை, வேகம்தான் மாறிவிட்டது! பூட்லோடர் 115200-ல் பேசிவிட்டுப் போகிறது. வேகத்தைச் சொல்லாமல் விட்டால் கெர்னல் 9600-க்கு இறங்கிவிடும். லேப்டாப்பில் 9600 வைத்துப் பாருங்கள். அதே குப்பை வரிகளாகத் தெரிந்தால் நோய் இதுதான். கெர்னல் கட்டளை வரியில் ‘கன்சோல்’ என்ற இடத்தில் போர்ட் பெயருக்குப் பின் காற்புள்ளி போட்டு 115200 எழுதுங்கள். 9600-லேயே விட்டுவிடாதீர்கள்: நொடிக்கு 960 எழுத்துதான் வரும். 50,000 எழுத்து பூட் செய்திக்கு 52 நொடி ஆகும். 115200-ல் ஐந்து நொடிகூட ஆகாது. லைன் நின்று ஷிப்டே காத்திருக்கும்போது அந்த முக்கால் நிமிடம் பெரிது.