இந்தக் காற்று மூக்கில் ஏறணும்

1988-இல் புளியந்தோப்பு வாடகை வீட்டைக் காலி செய்து கொளத்தூருக்குப் போனோம். பாத்திரம் பண்டம் ஒரு வண்டியில் போயிற்று. ஹோமர் புறாக்கள் பதினான்கையும் இரண்டு மூங்கில் கூடைகளில் போட்டு நைனா தன் சைக்கிளிலேயே கொண்டுவந்தார். இருபது நாள் அடைத்து வைத்து, வேளாவேளைக்குக் கம்பும் பச்சைப்பயறும் போட்டு, ஒரு மாலையில் திறந்துவிட்டார். பதினான்கும் மேலே ஏறின. ஒரே ஒரு சுற்று. பிறகு புளியந்தோப்புத் திசையில் நேராகப் போய்விட்டன.

நைனா ஆலையில் ஷிஃப்ட் முடிந்ததும் நேரே பழைய தெருவுக்குப் போவார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அவை வரிசையாக உட்கார்ந்திருக்கும். புதிதாகக் குடிவந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு மேலே ஏறி, தகர டப்பாவைக் குலுக்கி, கைக்கு வந்தவற்றைப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு இருட்டிய பிறகு வருவார். இப்படி ஒரு மாதம் அலைந்தார். கடைசியில் பெரிய புறாக்களை நிரந்தரமாக அடைத்து ஜோடி போட்டார். "இதுங்க இனி இங்க பறக்காதுடா. இதுங்க குஞ்சு பறக்கும்" என்றார்.

பந்தயப் புறாவின் அடிப்படை விதி இதுதான் என்று பின்னால் புரிந்தது. ஒரு வீட்டிலிருந்து பறந்து பழகிய ஹோமர், பெரும்பாலும் சாகும்வரை அந்த வீட்டுக்காரன்தான். 2020-இல் பெல்ஜியத்தில் நியூ கிம் என்ற பெட்டைப் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. வாங்கியவர் சீனாவைச் சேர்ந்தவர். அவ்வளவு விலை கொடுத்தும் அதைக் குஞ்சு எடுக்கத்தான் வைத்துக்கொள்ள முடியும். வெளியே விட்டால் அதன் மனசு பெல்ஜியத்துக் கூண்டைத்தான் தேடும். புது இடத்தில் செட் ஆவதற்குக் குஞ்சு வேண்டும். அதுவும் தானாக இரை பொறுக்கத் தொடங்கி, இன்னும் நன்றாகப் பறக்கத் தெரியாத வயது. பிறந்து 28 முதல் 35 நாளுக்குள் புதுக் கூண்டுக்கு வந்துவிட்டால் நல்லது.

அந்தக் காலத்தில் குஞ்சுக்கு இறக்கையைக் கட்டுவோம். அவசரக்காரர்கள் இறகையே பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கிய இறகு முழுதாக வளர ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் வீடு பழகிவிடும் என்பது கணக்கு. நானும் நூலால் கட்டியிருக்கிறேன். கட்டு அவிழாத ஒரு குஞ்சு சுவரிலிருந்து தாவ முடியாமல் பூனை வாயில் போனதைப் பார்த்தேன். அந்த நூலைக் கட்டியது என் கை. அதற்குப் பிறகு எந்தக் குஞ்சுக்கும் நான் இறக்கை கட்டியதில்லை.

நைனாவுக்கும் இறக்கை கட்டுவதில் முழு நம்பிக்கை கிடையாது. தினமும் சாயங்காலம் கம்பிக் கூடையில் குஞ்சுகளை மாடியில் வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்துகொள்வார். "இங்கத்திக் காத்து அதுங்க மூக்குல ஏறணும்டா. அப்பதான் இது அதுங்க வூடு" என்பார். கூடையின் மேல் கோணி போர்த்த விடமாட்டார். வெயில் சுட்டால் கூடையை நகர்த்துவார், மூட மாட்டார்.

வெகுகாலம் கழித்துத்தான் இத்தாலியின் பீசா நகரத்து ஆய்வாளர் ஃபுளோரியானோ பாப்பியைப் பற்றிப் படித்தேன். முகர முடியாதபடி செய்யப்பட்ட புறாக்களைப் பழக்கமில்லாத தூர இடத்திலிருந்து விட்டால், வீடு திரும்ப அவை தடுமாறுகின்றன என்று அவருடைய குழு 1972-இல் எழுதியது. புறா சூரியனை வைத்துத் திசை பார்க்கிறது. பூமியின் காந்தப் புலத்தையும் உணர்கிறது. ஆனால் எந்தப் பக்கத்துக் காற்று என்ன வாசனை கொண்டுவருகிறது என்று குஞ்சாக இருக்கும்போதே கூண்டிலிருந்து கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இன்றும் இதில் வாதம் உண்டு. எனக்கு நைனாவின் கம்பிக் கூடைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இப்போது மீஞ்சூர்ப் பக்கம் எனக்கு ஒரு வீடு. மாடியில் கூண்டு. அதன் வாசலுக்கு மேல் நான்கு பக்கமும் வலையடித்த சின்னக் கம்பிக் கூண்டு ஒன்று. குஞ்சுகள் உள்ளிருந்து அதில் ஏறி வரலாம். தண்ணீர் அங்கேதான் இருக்கும். வாசலில் தொங்கும் கம்பிகள் உள்ளே வர மட்டும் வழிவிடும். குஞ்சுகள் பத்து நாள் அங்கே உட்கார்ந்து பார்க்கும். நைனா காலத்தில் வானத்தில் தென்னையும் ஓட்டுக்கூரையும். இப்போது செல்போன் கோபுரமும் மின்கம்பியும். காலையில் கரையிலிருந்து வீசும் காற்று, மதியத்துக்கு மேல் எண்ணூர்க் கழிமுகத்து உப்போடு கடல் காற்று. இரண்டுக்கும் அவை முகம் திருப்பி உட்காரும்.

முதலில் திறந்துவிடும் நாளில் காலையிலிருந்து அரை வயிறுதான் இரை. பலத்த காற்று இருந்தால் திறக்கமாட்டேன். பனிக்காலத்தில் புறாவை வேட்டையாடும் பைரி வந்து சுற்றும் நாட்களிலும் இல்லை. இருட்ட ஒரு மணி நேரம் இருக்கும்போது அந்தக் கம்பிக் கூண்டின் கூரையைத் தூக்கிவிட்டு விலகிவிடவேண்டும். கை தட்டக்கூடாது, விரட்டக்கூடாது. பயந்து எழும்பிய குஞ்சு எங்கே இறங்குவது என்று தெரியாமல் தொலைந்துபோகும். நன்றாகச் செட் ஆனபிறகு அவையே கூட்டமாக எழும்பி ஒரு மணி நேரம் கண்ணுக்கே தெரியாமல் போய் வரும். அப்புறம்தான் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டை என்று வடக்கே கொண்டுபோய் விடுவது. நைனா பாசஞ்சர் ரயிலில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போன அதே தடம். அன்று பந்தயத்தில் திரும்பிய புறாவைப் பிடித்துக் காலிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டியில் போடவேண்டும். இன்று காலில் மின்னணு வளையம். வாசல் பலகையை மிதித்தாலே நேரம் பதிந்துவிடுகிறது.

வாசல்வரை வந்தால்தானே அதுவும். இந்த வருஷம் பன்னிரண்டு குஞ்சு. போன வாரம் கூரையைத் தூக்கினேன். பதினொன்று கூண்டின்மேல் நின்று சுற்றிப் பார்த்தன. ஒன்று மட்டும் எழும்பிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்தது. நான் டப்பாவைக் குலுக்கவில்லை; பார்க்கட்டும் என்று விட்டேன். கடல் காற்று வீசியது. குஞ்சு கிழக்கே திரும்பி, கழுத்தை நீட்டி, வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக டப்பாவைக் குலுக்கினேன். தத்தித் தத்திப் பறந்து வந்து கூண்டின்மேல் இறங்கியது. கம்பிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. அது தண்ணீரில் அலகை வைத்துக் குடிக்கும்வரை டப்பாவை நான் கீழே வைக்கவில்லை.