பட்டமில்லாத ஆட்டக்காரர்

கேள்வி: மாநில அளவில் மட்டும் ஆடிய செஸ் வீரருக்கு விக்கிப்பீடியாவில் தனிப் பக்கம் தேவையா?

பதில்: அவர் எத்தனை ராஜாக்களை மடக்கினார் என்பதல்ல, அவரைப் பற்றி மற்றவர்கள் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்பதே அங்கே கணக்கு. ரேட்டிங் பட்டியலில் பெயர் வந்தால் போதாது. அதில் லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவரோடு சம்பந்தமில்லாத, நம்பகமான பத்திரிகை விரிவாக எழுதியிருக்க வேண்டும். ‘சின்ன ஊர்க்காரரைப் பற்றி யார் எழுதுவார்கள்?’ என்பீர்கள். தமிழ் நாளிதழும் சான்றுதான். இணையத்தில் ஏறாத பழைய இதழும் சான்றுதான். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோனுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் பின்னாளில் உலக சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாகப் பழகிய சென்னை தால் செஸ் கிளப் போன்ற இடங்களில், பட்டம் வாங்காமலே பலரை வளர்த்துவிட்டவர்களும் உண்டு. அவர்களுக்காக நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகளை அவிழ்க்கத்தான் வேண்டும். அவர்களைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரைகள் சில கிடைத்தாலே பக்கத்தைத் தொடங்கலாம். வெறும் முடிவுப் பட்டியலை ஒட்டினால் நீக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட.