சித்தப்பாவுக்கு, பாத்ரூம் விஷயமாக

நியூசிலாந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"ஒரு பாத்ரூம் கட்ட இத்தனை மாசமாடா? அதுக்குள்ள நான் ஒரு வீட்டுக்கே கிரகப்பிரவேசம் முடிச்சிருப்பேனே" என்று போனில் கேட்டீர்கள். வாயால் சொன்னால் நீங்கள் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா வந்தால் முட்டி மடக்காமல் உள்ளே போய்க் குளிக்க, படி இல்லாத ஒரு பாத்ரூம். திட்டம் அவ்வளவுதான். அதற்குப் பில்டிங் கன்சென்ட், அதாவது கட்டட அனுமதி, வேண்டும். கவுன்சிலுக்கு வரைபடம் போக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். தோட்டத்தில் தனியாக 30 சதுர மீட்டர் வரை ஓர் அறையே, சில நிபந்தனைகளோடு, கன்சென்ட் இல்லாமல் எழுப்பலாம். ஆனால் அந்த விலக்கின்படி அதற்குள் அடுப்போ கழிப்பறையோ இருக்கக் கூடாது. ஆக, அந்த அறையில் வந்த விருந்தாளியைத் தூங்க வைக்க யாரையும் கேட்க வேண்டாம். குளிக்க வைக்கத்தான் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்தால் 20 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 2004-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம். காதுக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்து, கேள்வி கேட்டுவிட்டால் நாள் கணக்கு அங்கேயே நின்றுவிடும். நாம் பதில் கொடுத்தால்தான் மறுபடி ஓடும். எங்களிடம் கேட்டது, தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது, வாசல் ஓரத்தில் வாட்டர்ப்ரூஃபிங் எங்கே முடிகிறது என்று. குளிக்கிற இடத்துத் தரையில் 50-க்கு 1 வாட்டம் வேண்டும். அதைப் படத்தில் காட்ட வேண்டும். நீங்கள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது ஓடுகிற போக்கைப் பார்த்து, கரணையால் நாலு இழுப்பு இழுத்து முடிக்கிற சமாச்சாரத்துக்கு இங்கே குறுக்குவெட்டுப் படம்!

இன்னொன்றும் உண்டு. டிசம்பர் 20 முதல் ஜனவரி 10 வரை வருகிற நாட்கள் சட்டப்படி வேலை நாளே கிடையாது. மார்கழியில் வீட்டுக் காரியம் எடுக்காதே என்று பாட்டி சொன்னால் முணுமுணுப்போமே, இவர்கள் அதைச் சட்டப் புத்தகத்திலேயே ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

கன்சென்ட் கைக்கு வந்தபின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்ஸ்பெக்டர் வருவார். இங்கே வீடு என்றால் செங்கல் சுவரை நினைக்காதீர்கள். பைன் மரச் சட்டம், உள்பக்கம் ஜிப்சம் போர்டு. சட்டத்தை மூடும் முன் அவர் பார்த்தாக வேண்டும். வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன மீட்டர் ஒன்றை எடுத்தார். முனையில் இரண்டு ஊசி. நேராக ஜன்னலுக்குக் கீழே குனிந்து, தரையோடு கிடக்கிற அடிச்சட்டத்தின் மூலையில் குத்தினார். மரத்தில் எத்தனை சதவீதம் ஈரம் என்று திரையில் எண் ஓடியது. எங்கள் லைசென்ஸ் வாங்கிய கார்பென்டர் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிய பிறகுதான் காபி உள்ளே இறங்கியது.

ஈரத்துக்கு ஏன் இந்தப் பயம் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1991-இல் வந்த கட்டடச் சட்டம், இப்படிக் கட்டு அப்படிக் கட்டு என்று சொல்வதை விட்டுவிட்டு, கட்டி முடித்தது எப்படி நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னது. கொஞ்ச வருஷத்தில் மருந்தேற்றாத பைன் சட்டத்துக்கும் வழி விட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு ஃபேஷன்: மத்தியதரைக் கடல் பக்கத்து வீடு மாதிரி, கூரை வெளியே நீளாமல், வழவழவென்று பூச்சுச் சுவர். அடிக்கிற மழையும் வீசுகிற காற்றும் வருஷம் முழுக்க இருக்கிற ஊரில்! விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மரச் சட்டம் சுவருக்குள்ளேயே மக்கிப்போனது. 2009-இல் அரசுக்காகப் போட்ட மதிப்பீட்டில் பாதிப்பு சுமார் 42,000 வீடுகள், செலவு 1,130 கோடி நியூசிலாந்து டாலர் என்று வந்தது. கட்டிய ஆட்களில் பலர் கம்பெனியை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட கவுன்சில்கள்தான் வழக்கில் மாட்டி, ஊர் வரிப்பணத்தை எடுத்து அழுதன. ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் கதிதான். அதிலிருந்து பேனாவைத் திறக்கும் முன் ஊசியைக் குத்துகிறார்கள்.

இது தெரிந்ததும் என் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி, ஒவ்வொரு பரிசோதனைக்கும் கட்டண ரசீது வரும்போது தலைகாட்டும். கதவுக்காகச் சுவரை வெட்டினால், நிலம் ஆடும்போது வீடு தாங்குமா என்று தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் மட்டும் நான் முணுமுணுப்பதில்லை. 2011-இல் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேர் போன நாடு இது.

டைல்ஸ் ஒட்டி, குழாய் மாட்டியாச்சு. வேலை முடிந்ததா? இல்லை. வேலை விதிப்படி முடிந்தது என்கிற கோட் கம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட் வர வேண்டும். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், கார்பென்டர், வாட்டர்ப்ரூஃபிங் போட்டவர் எல்லாரும் ஆளுக்கொரு காகிதம் தர வேண்டும். அதற்கும் 20 வேலை நாள். "ராத்திரியோட ராத்திரியா முடிச்சிடு, எவன் பார்க்கப் போறான்" என்றீர்களே, அது இங்கே செல்லாது. நாளை வீட்டை விற்கப் போனால் வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கவுன்சில் கோப்பைத்தான் புரட்டுவார். படத்தில் இல்லாத பாத்ரூம் வீட்டில் இருந்தால் விலை பேசுகிற இடத்தில் நாம் வாயைத் திறக்க முடியாது.

நம்மூரில் 2024-லிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று போதும், ஆன்லைனில் உடனே அனுமதி என்று பெருமையாகச் சொன்னீர்கள். நல்லதுதான். ஆனால் அப்போது ஜாமீனும் நாமே அல்லவா? மூத்த மாப்பிள்ளை வீட்டுக்கு மாடி எழுப்புகிறீர்களாம், சன்ஷேடு வைத்தால் எலிவேஷன் கெட்டுவிடும் என்று அவர் அடம் பிடிக்கிறாராம், சித்தி சொன்னார்கள். ஜன்னலுக்கு மேலே இரண்டடி நீட்டிக் கான்கிரீட் போட்டுவிடுங்கள். பேச்சு முற்றினால் இந்தக் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். கட்டண ரசீது பற்றிய வரியை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள், அதைப் பார்த்தால் அவர் நியூசிலாந்துக்காரர்களைக் கிண்டலடிக்க ஆரம்பித்து, சன்ஷேடை மறந்துவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்