கட்டம் போட்டவர் அதிகாரி

1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியில் மாடல்கள் காசு வாங்கிக்கொண்டு அசையாமல் உட்காருவார்கள். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் அந்த வசதி கிடையாது. இங்கே அசையாமல் நிற்பவை முகத்துவாரத்துக்கு அந்தாண்டை தெரியும் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் மட்டும்தான். மனிதர்கள் என்றால், நான் மூக்கை வரைந்து முடிப்பதற்குள் ஆள் ரேஷன் கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

அதனால் முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த புத்தி கைகொடுத்தது. பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துவிட்டால் ஒருத்தரே முழுசாகக் கிடைக்க வேண்டியதில்லை. புகைபோக்கிக்கு நெட்டையாக ஒரு கட்டம். வலை ஊசி பிடித்த விரல்களுக்குச் சின்னதாக ஒன்று. இறால் உரிக்கும் அக்காவுக்கு மூன்று: முதலில் கட்டைவிரல் தலைக்கடியில் நுழைகிறது, அடுத்ததில் தலை சட்டியில் விழுகிறது, மூன்றாவதில் ஓடு கழன்று வெறும் சதை. நான் இதை வரைவதற்குள் அவர் அரைக்கிலோவை முடித்து எழுந்துவிட்டார். போகட்டும், பக்கத்து அக்காவும் அதே வேலையைத்தான் செய்கிறார். கை இவருடையது, கொண்டை அவருடையது. நடுவில் விட்ட வெள்ளை இடத்தில் நடந்ததைப் பார்க்கிறவர்களே ஊகித்துக்கொள்வார்கள். சோம்பேறி ஓவியனுக்கு இதைவிட நல்ல மானியம் உண்டா?

மானியம் என்றதும் ஞாபகம் வருகிறது.

"இன்னா சார், எந்த ஆபீசு?" என்றார் கொண்டைக்காரர்.

"ஆபீசு இல்லக்கா, படம் போடறேன்."

"படத்துக்கு இன்னாத்துக்குக் கட்டம்? எங்க வூட்டு பேரு எந்தக் கட்டத்துல கீது?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, படகு, வலை, கூழைக்கடா எல்லாவற்றையும் கறுப்பாக்கியது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகு பழுதுக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. கட்டத்துக்குள் பேர் ஏறினால்தான் பணம் என்பது இந்த ஊருக்கு மனப்பாடம்.

மறுத்துப் பயனில்லை. ஒரு பெரியவர் ஆதார் அட்டையோடு வந்து எதிரே நின்றார். அதிகாரி எழுதும்போது ஆடக் கூடாது என்று சிலையாக நின்றார். ஓவியக் கல்லூரியிலும் அப்படி ஒரு மாடலைப் பார்க்க முடியாது. நிதானமாகக் காது, புருவம், பனியன் ஓட்டை எல்லாவற்றையும் வரைந்தேன். வாய்க்குப் பக்கத்தில் பலூன் போட்டு, "சொல்லுங்க அய்யா, எழுதிக்கறேன்" என்றதுதான் தாமதம்: வலை போச்சு, இன்ஜின் போச்சு, ஆத்துல மீன் போச்சு, போன வாட்டி பேரு உட்டுப் போச்சு. பலூன் கட்டத்தைத் தாண்டி, புகைபோக்கியை மூடி, அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டது. ஓவியர் கோபுலு ஆனந்த விகடனில் வசனமே இல்லாமல் சிரிக்க வைத்தவர். நெட்டுக்குப்பத்தில் அவரும் பலூனுக்குத் தனி நோட்டு வாங்கியிருப்பார்.

வரையப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டத்தை வெறும் கையால் போடுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்கேலை மட்டும் வெளியே எடுத்துவிடாதீர்கள். துறைமுகத்துக்கு நிலம் அளக்க வந்தவர் என்று நினைத்துவிட்டால், இறால் உரித்த அதே கைகள் உங்களை உரித்துவிடும்.